வாவிக்கரையும் வான்வெளியும்: விண்வெளி ஆய்வுக்கான பொதுநிதி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும் வாழும் மக்கள் தம் நிலத்தைச் சூரியனைக் கொண்டே பகுத்து வழங்கி வந்துள்ளனர். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயல்களும் குளங்களுமாய் விரிந்து கிடக்கும் நிலம் படுவான்கரை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான இவ்வாவியை நம்பி வாழ்ந்த உழவனும் மீனவனும் வானத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள். வாடை எப்பொழுது எழும், கச்சான் எப்பொழுது ஓயும், எந்த மேகம் மழை தரும், எது ஏமாற்றிச் செல்லும் என்பவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் கற்றறிந்தவர்கள். எனினும் அவர்களது அறிவுக்கு ஓர் எல்லை இருந்தது. கீழ்வானத்தின் கோட்டுக்கு அப்பால், வங்காள விரிகுடாவின் நடுவே உருக்கொண்டு வருவதை அவர்களாற் காண இயலவில்லை. கரையில் நிற்கும் எவராலும் அது இயலாது.

பசித்த வயிறுகள் பல இருக்கும் உலகில் பொதுமக்களின் பணத்தை விண்வெளி ஆய்விற் செலவிடுதல் தகுமா என்னும் வினா, பல்கலைக்கழகக் கருத்தரங்குகளிலும் விவாத மேடைகளிலும் அடிக்கடி எழுப்பப்படுவதாகும். இவ்வினா எள்ளி ஒதுக்கத்தக்கதன்று. அறத்தின்பாற்பட்ட வினா அது. ஆயின், இதற்கான விடை பெரும்பாலும் பொதுப்படையான புகழ்ச்சியாகவோ பொதுப்படையான கண்டனமாகவோ அமைந்துவிடுகிறது. வாவிக்கரைப் பிரதேசத்தின் அண்மைக்கால வரலாற்றை உரைகல்லாகக் கொண்டு அவ்வினாவைச் சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1978ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23ஆந் திகதி, வியாழக்கிழமை மாலையும் இரவும், மட்டக்களப்பு மாவட்டத்தின் மீது சூறாவளி வீசியது. ஏறத்தாழ 900 பேர் உயிரிழந்தனர். பத்து இலட்சம் மக்கள் ஏதோ ஒரு வகையிற் பாதிக்கப்பட்டனர். ஏறத்தாழ 250,000 வீடுகள் சேதமுற்றன. மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களிற் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது; மீன்பிடிக் கலங்களில் ஐந்தில் ஒரு பங்கு இல்லாதொழிந்தது; நெற்களஞ்சியங்கள் பதினொன்றில் ஒன்பது சிதைந்தன. இவ்வெண்கள் ஓர் இரவின் கணக்கு மட்டுமன்று. தென்னை காய்ப்பதற்கு ஆண்டுகள் பல வேண்டும். வள்ளமும் வலையும் இழந்தவன் கடனாளியாகாமல் மீண்டெழுதல் அரிது. இன்றும் வாவிக்கரையின் முதியோர், மணம், பிறப்பு, இடப்பெயர்வு ஆகியவற்றைச் ‘சூறாவளிக்கு முந்தி’, ‘சூறாவளிக்குப் பிந்தி’ என்று காலவரையறை செய்வதைக் கேட்கலாம். ஒரு சமூகம் தன் நாட்காட்டியையே ஒரு காற்றினால் வகுத்துக்கொண்டது என்பது நோக்கற்பாலது.

அந்த நவம்பரில் எமது வானத்தின் மேலே என்ன இருந்தது? வரலாற்று மாணவன் கேட்கவேண்டிய முதல் வினா இதுவாகும். வானிலையை அவதானிப்பதற்கென்றே அமைந்த முதலாவது வெற்றிகரமான செய்மதியான ‘தைரோஸ் 1’ ஐக்கிய அமெரிக்காவினால் 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆந் திகதி ஏவப்பட்டது. 1963 டிசம்பரில் ஏவப்பட்ட ‘தைரோஸ் 8’, தான் எடுத்த படங்களைத் தானாகவே கீழ்நோக்கி ஒலிபரப்பும் கருவியைக் கொண்டிருந்தது. அதிக செலவின்றி அமைக்கக்கூடிய வாங்கியொன்றை வைத்திருந்த எந்நாட்டினரும், எவருக்கும் கட்டணஞ் செலுத்தாமல், தம் தலைக்கு மேலுள்ள முகிற்கூட்டத்தின் படத்தைப் பெறலாயினர். ஆயின், இவை பூமியைத் தாழ்ந்த பாதையிற் சுற்றி வருபவை. ஓரிடத்தை அத்தகைய செய்மதியொன்று நாளொன்றுக்கு இருமுறையே கடந்து செல்லும். அவ்விரு பார்வைகளுக்கும் இடைப்பட்ட நேரத்திற் புயல் திசைமாறலாம், வலுப்பெறலாம்.

இக்குறையை நீக்குவது நிலைத்த செய்மதியாகும். பூமத்திய கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் செய்மதி, பூமி சுழலும் அதே வேகத்திற் சுற்றுவதால், நிலத்திலிருந்து நோக்குவோர்க்கு அசையாது நிற்பதுபோலத் தோன்றும். அவ்வுயரத்திலிருந்து அரைமணிக்கு ஒருமுறை ஒரே கடலைப் படமெடுக்கலாம். இச்சுற்றுப்பாதையைச் செய்தித் தொடர்புக்குப் பயன்படுத்தலாமென 1945ஆம் ஆண்டு விரிவாக எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். அவர் 1956இல் இலங்கையிற் குடியேறி, 2008இற் கொழும்பிலேயே காலமானவர் என்பதை வாசகர் அறிவர்.

1970களின் இறுதியில் உலகத்தைச் சுற்றி இத்தகைய வானிலைச் செய்மதிகள் ஐந்தினை ஒரு வளையமாக நிறுத்துவதெனத் திட்டமிடப்பட்டது. இரண்டினை அமெரிக்கா நிறுத்தியது. ஐரோப்பாவும் யப்பானும் 1977ஆம் ஆண்டில் ஒவ்வொன்றை ஏவின. ஐந்தாவது இடம் இந்து சமுத்திரத்துக்கு மேலே அமைந்தது. அதனை நிரப்புவதாகக் கூறியிருந்த சோவியத் ஒன்றியத்தின் செய்மதி உரிய காலத்தில் ஆயத்தமாகவில்லை. ஆகவே, 1978 டிசம்பர் முதலாந் திகதி தொடங்கவிருந்த உலகளாவிய வானிலைப் பரிசோதனை ஆண்டுக்கென, அமெரிக்காவின் பழைய செய்மதியான ‘கோஸ் 1’ இந்து சமுத்திரத்துக்கு மேலே நகர்த்தப்பட்டது. பரிசோதனை ஆண்டு முடிந்ததும் அவ்வேற்பாடும் முடிவுற்றது. மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது நவம்பர் 23ஆந் திகதி. பரிசோதனை தொடங்கியது எட்டு நாட்களின் பின்னர். 1983இல் இந்தியாவின் ‘இன்சாற் 1பி’ செயற்படத் தொடங்கும்வரை இந்து சமுத்திரத்தின் மேல் நிலையான காவற்கண் வேறு இருக்கவில்லை.

இதிலிருந்து மிகையான முடிவொன்றை எட்டுதல் கூடாது. நிலைத்த செய்மதியொன்று இருந்திருப்பின் அந்த 900 உயிர்களும் காக்கப்பட்டிருக்கும் எனக் கூறுவதற்கில்லை. ஆயின் ஓர் உண்மை தெளிவாகிறது. எந்தக் கடலின் மேல் கண் வைக்கப்படும், எந்தக் கடல் கண்ணின்றி விடப்படும் என்பதை இயற்கை தீர்மானிப்பதில்லை. பொதுநிதியைக் கையாளும் அரசாங்கங்களே தீர்மானிக்கின்றன. உலகின் கொடிய புயல்கள் பல வங்காள விரிகுடாவிலேயே உயிர்களைக் கொள்ளைகொண்டன. அவ்விரிகுடாவின் மேலிருந்த இடமே நெடுங்காலம் வெறுமையாயிருந்தது. விண்வெளிக்குச் செலவிட்டதாற் பிழை நேர்ந்ததென்பதைவிட, யாருடைய தேவைக்காகச் செலவிடப்பட்டது என்பதிலேயே பிழை இருந்தது என்பது பொருத்தமாகும்.

இனி, எதிர்வாதத்தை அதற்குரிய வலிமையோடு நோக்குவோம். 1966ஆம் ஆண்டளவில் ஐக்கிய அமெரிக்காவின் கூட்டரசுச் செலவில் ஏறத்தாழ நூற்றுக்கு 4.4 பங்கு விண்வெளி நிறுவனத்துக்குச் சென்றது. சந்திரனுக்கு மனிதனை அனுப்பிய அப்பலோத் திட்டத்தின் மொத்தச் செலவு 2,500 கோடி டொலரைத் தாண்டியது. 1969 யூலையில் அப்பலோ 11 புறப்படுவதற்கு முந்திய நாளில், மாட்டின் லூதர் கிங்கின் தோழரான மதகுரு ரால்ஃப் அபர்நதி, வறிய குடும்பங்கள் சிலவற்றையும் கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டிகளையும் அழைத்துக்கொண்டு ஏவுதளத்தின் அருகே சென்று தம் எதிர்ப்பைத் தெரிவித்தார். பட்டினியாற் பிள்ளைகள் வாடும் நாட்டில் இச்செலவு முறையா என்பதே அவர்தம் வினா. ஏவுதலை நிறுத்துவதால் வறுமை நீங்குமாயின் அவ்வாறே நிறுத்தலாம் என்னும் கருத்துப்பட விண்வெளி நிறுவனத்தின் தலைவர் தோமஸ் பெய்ன் மறுமொழி கூறினார். இருவர் கூற்றிலும் உண்மையுண்டு. அப்பலோத் திட்டம் அறிவுத் தாகத்தினால் மட்டும் பிறந்ததன்று. வல்லரசுகளின் போட்டியே அதன் தாய். அதேவேளை, அத்திட்டம் சுருங்கிய பின்னர் மீந்த பணம் வறியவர்களின் அடுப்படிக்குச் சென்றதென வரலாறு கூறவுமில்லை. இன்று அந்நிறுவனத்தின் பங்கு நூற்றுக்கு அரைப் பங்கிலுங் குறைவு, வறுமையோ ஒழிந்தபாடில்லை.

எமது அயலில் இவ்வினா வேறு வடிவில் விடை கண்டது. கேரளத்தின் மீனவக் கிராமமான தும்பாவிலிருந்து 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆந் திகதி இந்தியாவின் முதலாவது ஆய்வு றொக்கற் ஏவப்பட்டது. காந்தக் கோடு அவ்விடத்துக்கு அண்மையிற் செல்வதே அதனைத் தேர்ந்ததன் காரணம். புனித மரிய மதலேனாள் ஆலயம் அலுவலகமாயிற்று. றொக்கற் அமெரிக்காவினது, அதன் மேற்சென்ற சோடிய ஆவிக் கருவி பிரான்சினது. இம்முயற்சியை முன்னின்று நடத்திய விக்ரம் சாராபாய், சந்திரனுக்கோ கோள்களுக்கோ செல்லும் போட்டியில் இந்தியா இறங்கவேண்டியதில்லை என்றும், மக்களின் உண்மையான பிரச்சினைகளுக்கு உயர்ந்த தொழினுட்பத்தைப் பயன்படுத்துவதிற் பின்தங்கக் கூடாது என்றும் வற்புறுத்தினார். அவர் 1971இல் மறைந்தார். அவர் வகுத்த வழியில், 1975 ஓகஸ்ட் முதல் ஓராண்டுக் காலம் அமெரிக்கச் செய்மதியொன்றை இரவலாகப் பெற்று, ஆறு மாநிலங்களைச் சேர்ந்த 2,400 கிராமங்களுக்குக் கல்வி, வேளாண்மை, சுகாதாரம் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. அச்செய்மதியின் ஒளிபரப்பைப் பெறும் நிலையமொன்று கொழும்பிற் கிளார்க்கின் இல்லத்திலும் இந்திய அறிவியலாளரால் அமைக்கப்பட்டது. வறிய நாடொன்று விண்வெளிக்குச் செலவிடலாமா என்பதைவிட, எந்நோக்கத்துக்காகச் செலவிடவேண்டும் என்பதே சாராபாயின் வினாவாக இருந்தது.

விண்வெளி ஆய்வின் பயன்களை எடுத்துரைப்போர் சிலர், ஒட்டாத சமையற் பாத்திரத்திலிருந்து தொடங்குவர். இது ஆய்வுநெறிக்கு ஒவ்வாதது. அப்பாத்திரத்திற் பூசப்படும் தெஃப்லொன் 1938ஆம் ஆண்டிலேயே ஒரு தனியார் ஆய்வுகூடத்திற் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. இத்தகைய பிழையான சான்றுகள் நல்ல வாதத்தையும் வலுவிழக்கச் செய்வன. விண்வெளி ஆய்வின் தலையாய பயன், பூமியை முழுமையாகவும் இடையறாதும் காணும் பார்வையாகும். அப்பார்வையை ஏன் பொதுநிதியே வழங்கவேண்டும் என்பதற்கு விளக்கம் தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. பாலமீன்மடுவில் 1913ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட வெளிச்சவீட்டை நோக்குக. அதன் ஒளி கட்டணஞ் செலுத்திய கப்பலுக்கும் செலுத்தாத தோணிக்கும் ஒருங்கே வழிகாட்டும். ஒருவன் அதனைக் கண்டதால் மற்றவனுக்கு ஒளி குறைவதுமில்லை. இத்தகைய பண்டத்தை விற்று இலாபமீட்ட முயலும் வணிகன், ஒன்றில் நட்டமடைவான். அன்றேல் ஒளியை மறைத்து வைப்பான். வானிலைச் செய்மதி வானத்தில் ஏற்றப்பட்ட வெளிச்சவீடாகும்.

இது வெறும் உவமையன்று; சோதித்துப் பார்க்கப்பட்ட உண்மை. நிலத்தை ஆராயும் ‘லான்ட்சற்’ செய்மதிகளின் வரிசை 1972 யூலையில் அமெரிக்காவினால் தொடங்கப்பட்டது. 1984ஆம் ஆண்டு அந்நாடு சட்டமொன்றை இயற்றி, அச்செய்மதிப் படங்களின் விற்பனையைத் தனியாரிடம் ஒப்படைத்தது. ஒரு படத்தின் விலை 4,000 டொலரைத் தாண்டியது. பல்கலைக்கழகங்களும் வறிய நாடுகளும் படங்களை வாங்குவதைக் குறைத்துக்கொண்டன. 1992இல் அக்கொள்கை கைவிடப்பட்டது. 2008இற் படங்கள் யாவும் இலவசமாக்கப்பட்டன. அதன் பின்னர், முன்னொரு காலத்தும் இல்லாத அளவிற்கு அப்படங்கள் உலகெங்கும் ஆய்வுக்குப் பயன்படலாயின. மக்கள் வரிப்பணத்தால் ஏற்கெனவே பெறப்பட்ட அறிவைப் பூட்டி வைத்தபோது அதன் பயன் சுருங்கியது. திறந்து விட்டபோது பல்கியது. பொதுநிதி என்பது செலவை மட்டும் குறிப்பதாகாது. விளைவையும் பொதுவாக்கும்போதே அது தன் பெயருக்குத் தகுதியுடையதாகிறது.

எனினும், காண்பது மட்டும் காப்பதாகாது. 1970 நவம்பரிற் கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய போலாப் புயலை அமெரிக்கச் செய்மதிகள் முன்னரே படமெடுத்திருந்தன. அவ்வாறிருந்தும் 300,000க்குக் குறையாத மக்கள் மடிந்தனர். வானத்திலிருந்து நிலையத்துக்கு வந்த செய்தி, நிலையத்திலிருந்து குடிசைக்குச் சென்று சேரவில்லை. சென்ற இடங்களிலும் ஏறி நிற்க மேட்டுநிலமோ கட்டடமோ இருக்கவில்லை.

எம் கரையிலும் இதற்குச் சான்றுண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி சுமாத்திராவுக்கு அருகே நிலம் நடுங்கி ஏறத்தாழ இரண்டு மணிநேரம் கழிந்தபோது, கடல்மட்டத்தை அளக்கும் ‘ஜேசன் 1’, ‘டோபெக்ஸ் பொசைடன்’ என்னும் இரு செய்மதிகள் தற்செயலாக வங்காள விரிகுடாவைக் கடந்தன. ஆழ்கடலில் ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் உயரமே கொண்டிருந்த ஆழிப்பேரலையை அவை அளந்தன. அவ்வளவைகள் பூமிக்கு வந்து கணிக்கப்படுவதற்குப் பல மணிநேரம் ஆயிற்று. அதற்குள் நாவலடி அழிந்துவிட்டது. கல்லாறு, களுவாஞ்சிகுடி தொடக்கம் கல்முனை வரையான எழுவான்கரையும் துயரில் ஆழ்ந்தது. இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். கடலை நுட்பமாக அளக்கும் கண்கள் இருந்தன. அவற்றைக் கரையோடு இணைக்கும் நரம்பு இருக்கவில்லை.

அந்நரம்பு பின்னர் அமைக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இலங்கையில் நிறைவேறியது. ஆழ்கடல் மிதவைகளின் அளவைகளைச் செய்மதி வழியே உடனுக்குடன் பெறும் இந்து சமுத்திர எச்சரிக்கை அமைப்பு 2011இற் செயற்படத் தொடங்கியது. 2012 ஏப்ரல் 11ஆந் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரும் நில நடுக்கம் ஏற்பட்டபோது, கிழக்குக் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை உரிய நேரத்திற் கிடைத்தது. அவர்கள் கரையை விட்டு அகன்றனர். பேரலை வரவில்லை. வராத அலைக்காக ஓடியது வீண் என்று சிலர் கருதினர். ஒத்திகையின்றி எந்தக் கூத்தும் அரங்கேறுவதில்லை என்பதை மட்டக்களப்பாருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கண்ணும் நரம்பும் இணையுமிடத்து விளையும் பயனை ஒடிசா மாநிலத்தின் வரலாறு காட்டுகிறது. 1999 ஒக்ரோபரில் அங்கு வீசிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். 2013 ஒக்ரோபரில் ‘பைலின்’ என்னும் கடும்புயல் அதே மாநிலத்தைத் தாக்கியபோது இறந்தோர் தொகை ஐம்பதை எட்டவில்லை. செய்மதிகள் மேம்பட்டிருந்தமை ஒரு காரணம். ஏறத்தாழ பத்து இலட்சம் மக்களை முன்கூட்டியே புகலிடங்களுக்கு அழைத்துச் சென்ற அதிகாரிகளும் ஊர்த் தொண்டர்களும் மற்றொரு காரணம். ஒன்றின்றி மற்றொன்று பயன்தந்திராது. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி இலங்கையைக் கடந்தபோது, அதன் நகர்வு செய்மதிகளின் பார்வைக்குத் தப்பவில்லை. ஆயினும் மலைநாட்டின் மண்சரிவுகளிலும் வெள்ளத்திலுமாக 600க்கு மேற்பட்ட உயிர்களை நாடு இழந்தது. புயலைக் காணுதல் ஒன்று. அது தரும் மழை எந்தச் சரிவை எப்பொழுது வீழ்த்தும் என்றறிந்து, அச்சரிவின் கீழ் உறங்குபவரை எழுப்புதல் மற்றொன்று.

இலங்கை போன்ற சிறுநாடு யாது செய்யலாம்? பெரும் றொக்கற்றுகளை ஏவுதல் எம்மாலாகாது, அது தேவையுமன்று. 1984இற் கிளார்க்கின் பெயரால் மொறட்டுவையில் அமைந்த தொழினுட்ப நிலையமும், 2017 மே 5ஆந் திகதி இந்தியா தன் செலவில் ஏவித் தென்னாசிய நாடுகளுக்குப் பகிர்ந்தளித்த செய்மதியும், 2019இல் இலங்கைப் பொறியியலாளர் இருவர் யப்பானில் உருவாக்கிச் சுற்றுப்பாதையில் விடப்பட்ட ‘இராவணா 1’ என்னும் சிறு செய்மதியும் நல்ல தொடக்கங்களே. ஆயின் எமக்கு உடனடியாக வேண்டுவது, வானத்திலிருந்து இலவசமாய் இறங்கிவரும் அறிவை வாசிக்கவும், அதனை ஊர்வழக்கில் மொழிபெயர்க்கவும் வல்லோரேயாவர். 1972 தொடக்கமான நிலப்படங்கள் இன்று எவர்க்கும் கிடைப்பன. வாவியோரக் கண்டற் காடுகள் எங்கே குறைந்தன, எங்கே மீண்டன; முகத்துவாரம் எவ்வாண்டுகளில் எவ்வாறு இடம்பெயர்ந்தது; முகத்துவாரத்தை வெட்டுவதற்குப் பிந்தியபோது படுவான்கரை வயல்கள் எவ்வளவு மூழ்கின என்பனவற்றை அப்படங்களிலிருந்து ஒரு மாணவன் ஆராய்ந்து கூற இயலும். அதற்கு வேண்டும் பொதுநிதி மிகச் சிறியது: ஓர் ஆய்வுகூடம், சில கணினிகள், ஒரு விரிவுரையாளர் பதவி.

இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாகி, பின்னர் யாழ் நூல் ஆக்கி, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கிய சுவாமி விபுலாநந்தர் இப்பிரதேசத்தவர். அறிவியலும் தமிழும் இருவேறு கரைகள் அல்ல என்பதற்கு அவர் வாழ்வே சான்று. கரு முகிலின் படத்தைப் பார்த்து அதன் பொருளைக் கல்லடியிலும் கொக்கட்டிச்சோலையிலும் வாழ்வோர்க்கு விளங்கும் தமிழிற் கூறுதல், அவர் விட்டுச்சென்ற பணியின் தொடர்ச்சியேயாகும்.

விண்வெளி ஆய்வுக்குப் பொதுப்பணம் செலவிடுதல் தகுமா என்னும் வினாவுக்கு வாவிக்கரையின் வரலாறு தரும் விடை இதுவே: தகும், அது பெற்றுத்தரும் பார்வை எல்லார்க்கும் உரியதாயின், தகும், அப்பார்வை கடைசிக் குடிசை வரை செல்லும் வழியும் அதே பொதுப்பணத்தால் அமைக்கப்படுமாயின். முன்னதற்குக் கோடிக்கணக்கிற் செலவிட்டுப் பின்னதற்குச் சில ஆயிரத்தை மறுப்பது, வெளிச்சவீட்டைக் கட்டியபின் விளக்கேற்ற எண்ணெய் வாங்காதிருப்பதற்கு ஒப்பாகும். கீழ்வானக் கோட்டுக்கு அப்பால் நிகழ்வதை எம் முன்னோர் அறிய இயலவில்லை, நாம் அறிகிறோம். அறிந்த பின்னும் மக்களை இழப்போமாயின், பழியை இனிக் காற்றின்மேற் சுமத்துதல் இயலாது.